வாத்துக்கு மட்டும் ஏன் பாட்டு?

பேரன்பும் பெருமதிப்பும் உடைய அத்தான் அவர்களுக்கு,

அக்காவின் ஒரே தம்பியும், தாங்கள் எழுதிய வசனங்களில் கணக்கில்லாத தடவை செத்துப்போனவனுமாகிய தங்கள் மைத்துனன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மனைவியும் தங்கள் மருமகளாகிய என் மகளும் சுகம். அங்கே தங்கள் தொண்டையும் அக்காவின் கோபமும் நாளுக்கு நாள் ஆறிவருகின்றன என்று நம்புகிறேன். ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு மாதத்துக்கு ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டாராமே. டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதி, ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எங்களை எல்லாம் திட்டித் திட்டியே பேசவைக்கிற மனிதருக்கு இப்படி ஒரு தண்டனையா என்று நாங்கள் வருந்தாத நாளில்லை. போன் செய்தால் அக்காதான் எடுக்கிறாள். "அவர் பேசமாட்டார், நீயும் பேசாதே" என்று வைத்துவிடுகிறாள். ஆகவே கடிதம். இதைப் படிக்கத் தொண்டை தேவையில்லை. படித்து முடித்ததும் கத்தத்தான் தேவைப்படும். தையல் பிரிந்துவிடும் என்பதால் அதைத் தயவுசெய்து அடக்கிக்கொள்ளவும்.

விஷயம் என்னவென்றால், படக் கம்பெனி மேலாளர் இந்த வாரத்துக்குள் தங்களிடம் எழுத்து மூலமாக ஒரு கேள்வி கேட்பார். அதற்கு "ஆமாம்" என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினால் போதும். ஏன் எதற்கு என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். நேரமில்லை என்றால் முதலில் "ஆமாம்" எழுதி அனுப்பிவிட்டு, பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

என் பிழைப்பு தங்களுக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் கோபத்தில் மனிதர்களுக்கு மறதி வரும் என்பதால் நினைவூட்டுகிறேன். கார்ட்டூன் படத்தில் கதாநாயகனுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல், கூட வரும் வாத்துக்கு ஒரு குரல். வில்லனின் படையில் ஆயிரம் பேர் இருந்தால் அந்த ஆயிரம் பேருக்கும் நான் ஒருவன். மைக்குக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை, தள்ளி நின்று ஒருமுறை, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தால் படை தயார். பள்ளத்தில் விழுவது என்றால் அலறிக்கொண்டே முகத்தை மைக்கிலிருந்து மெல்லத் திருப்பவேண்டும். வேகமாகத் திருப்பினால் மாடியிலிருந்து விழுந்த மாதிரி, மெதுவாகத் திருப்பினால் மலையிலிருந்து விழுந்த மாதிரி. கூடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஐயோ வந்தாச்சா? ஐயோவுக்கு டீ குடுத்தாச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். இதில் எனக்கு இதுநாள்வரை ஒரு குறையும் இருந்ததில்லை.

குறை எப்போது வந்தது என்றால், இளவரசன் படத்தின் முதல் பாகத்துக்குத் தங்கள் மருமகளை அழைத்துப்போனபோது வந்தது. அவளுக்கு ஏழு வயது. அப்பா குரல் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மலை உச்சியிலிருந்து இளவரசன் பீப்பாய்களை உருட்டிவிடுகிறான், படைவீரர்கள் கொத்துக்கொத்தாக ஏரியில் விழுகிறார்கள், தியேட்டரே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறது. என் பக்கத்து இருக்கையில் மட்டும் ஒரு விசும்பல். "அப்பா, அது நீ. அதுவும் நீ. அந்தக் குண்டா இருக்கறவரும் நீ. நீ விழுந்தா ஏம்ப்பா எல்லாரும் சிரிக்கறாங்க?" நான் சமாதானம் சொன்னேன். "அவங்கல்லாம் நீந்திக் கரைக்குப் போயிட்டாங்க கண்ணு." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "இரும்புச் சட்டை போட்டுக்கிட்டா?" அந்த நேரம் பார்த்துத் திரையில் வாத்துக்கு இறக்கை சுளுக்கிக்கொண்டது. உடனே மழை கொட்டியது, வயலின் அழுதது, இளவரசன் வாத்தை மடியில் போட்டுக்கொண்டு ஒரு முழுப் பாட்டுப் பாடினான். ஏரியிலோ இன்னும் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. "சுளுக்குக்கே பாட்டா? உனக்கு ஏம்ப்பா பாட்டு இல்ல?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகாவது விட்டாளா என்றால் இல்லை. பல் தேய்க்கும்போது, ஷூ மாட்டும்போது, சாப்பிடும்போது என்று எந்நேரமும் விசாரணைதான். இந்த இளவரசன் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு அரண்மனையைவிட்டு ஓடுகிறான், யாருடைய குதிரையையோ எடுத்துக்கொள்கிறான், சந்தையில் ஓடும்போது ஏழை வியாபாரிகளின் கடைகளை எல்லாம் கவிழ்த்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறான். கேட்டால் மனசு சொன்னபடி நடந்தானாம். மந்திரி, அதாவது வில்லன், இளவரசன் ஊர்சுற்றிய காலமெல்லாம் உட்கார்ந்து நாட்டை நடத்தியவர். பாலம் கட்டினார், கால்வாய் வெட்டினார், பூனை ஒன்றை வளர்த்து அதற்குத் தன் கையாலேயே பால் ஊற்றினார். அவரும் தன் மனசு சொன்னதைத்தான் கேட்டார். ஆனால் அவருக்குப் புருவம் மேலே வளைந்திருந்தது. "அவரு கெட்டவருன்னு எப்படிப்பா மொதல்லயே தெரிஞ்சுது?" என்றால் நான் என்னவென்று சொல்வேன்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? கடைசியில் வெற்றி விருந்து. பேசுகிற வாத்து மேசையில் நாப்கின் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேசாத வாத்து வறுபட்டுத் தட்டில் கிடக்கிறது. அதைக் கவனித்தது இவள் ஒருத்திதான். "அந்த வாத்துக்கும் யாராவது வசனம் எழுதிக் குடுத்திருந்தா பொழைச்சிருக்குமாப்பா?"

அத்தான், நியாயமாகப் பார்த்தால் இது வசனகர்த்தாவாகிய தங்களிடம் கேட்கவேண்டிய கேள்வி. தாங்கள் மருத்துவமனையில் மயக்கத்தில் இருந்ததால் என் தலையில் விழுந்தது.

இப்படி நான் புழுங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. தாங்கள் ஆபரேஷனுக்கு முன்பே வசனம் எழுதி வைத்துவிட்டீர்கள். இளவரசனுக்குப் பக்கம் பக்கமாக, வாத்துக்கு அரைப் பக்கம், எனக்கு "படைவீரர்கள்: தேவையான அளவு ஐயோ" என்று ஒரு வரி. தப்புச் சொல்லவில்லை, எப்போதும் அப்படித்தான். ஆனால் இந்த முறை படைவீரர்களின் தலைக்கவசத்தைக் கவனித்தீர்களா? முகம் முழுவதும் மூடியிருக்கிறது. உதடு தெரியவில்லை. உதடு தெரியவில்லை என்றால் உதட்டசைவுக்குப் பொருத்தமாகப் பேசவேண்டிய கட்டாயமும் இல்லை. எதை வேண்டுமானாலும் பேசலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாங்கள் இல்லை, ஒலிப்பதிவு இன்ஜினியர் மட்டும்தான். சத்தியமாகச் சொல்கிறேன், விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தேன்.

இளவரசன் தொங்குபாலத்தின் கயிற்றை வெட்டுகிறான். படை விழுகிறது. நான் அலறிக்கொண்டே முகத்தைத் திருப்பவேண்டும். திருப்பினேன். ஆனால் வாயில் வந்தது என்னவோ, "டேய் தம்பி, நான் சமையல்காரன்டா, ஆள் குறையுதுன்னு கூட்டிட்டு வந்துட்டாங்கடா!" என்பது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் நாற்காலியோடு சரிந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கை காட்டினார். எனக்கு வெறி பிடித்துவிட்டது அத்தான். "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று ஒருவன் விழுந்தான். "இந்தப் பாலத்தைக் கட்டினதே நான்தாங்க!" என்று ஒருவன் விழுந்தான். "எங்க வீட்டுக்காரி அப்பவே சொன்னா, கேட்டேனா?" என்று ஒருவன் மலையின் முழு ஆழத்துக்கும் விழுந்தான். கோட்டை வாசலில் தூங்கும் காவலரை இளவரசன் மண்டையில் அடிக்கிறானே, அவர், "எழுப்பிக் கேட்டிருந்தா நானே தொறந்துவிட்டிருப்பேனேப்பா" என்று முனகிக்கொண்டே சாய்ந்தார். உச்சக்கட்டத்தில் இளவரசன் மந்திரியின் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு, "நான் உன்னைப் போன்றவன் அல்ல. என் கையால் ஒரு உயிர் போகாது" என்று தாங்கள் எழுதிய அந்த அருமையான வசனத்தைப் பேசுகிறான். மந்திரி தானாகக் கால் தவறிப் பள்ளத்தில் விழுகிறார். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சிறிய மௌனம் இருக்கிறது. அந்த மௌனத்தில், பின் வரிசையில் நிற்கும் ஒரு மூடிய தலைக்கவசத்துக்குள்ளிருந்து, "அப்ப பாலத்துல வெட்டினது யாரு கைங்க?" என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் என்னுடையது.

இதையெல்லாம் அழித்துவிட்டு வழக்கமான ஐயோவைப் போட்டுவிடுவதாக இன்ஜினியர் சொன்னார். சொன்னவர் மறந்தாரோ, மனசு வரவில்லையோ, படம் அப்படியே வெளியாகிவிட்டது.

முதல் நாள் முதல் காட்சிக்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். இளவரசனுக்குக் குரல் கொடுத்தவரும் தன் தாயாரை அழைத்து வந்திருந்தார். அவருக்குத் தேன்பாகு என்று நாம் வைத்த பெயர் தங்களுக்கு நினைவிருக்கும். சமையல்காரர் விழுந்ததும் முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. அது பாதியிலேயே நின்றுபோய், எங்கோ ஒரு குழந்தை, "பாவம்" என்றது. அப்புறம் இன்னொன்று. வீட்டுக்காரி சொல்லைக் கேட்காதவர் விழுந்தபோது முன்வரிசையில் பெரியவர்களே உச்சுக்கொட்டினார்கள். கோட்டைக் காவலர் சாய்ந்தபோது, "மன்னிப்புக் கேளு! மன்னிப்புக் கேளு!" என்று தியேட்டர் முழுவதும் சிறுசுகள் இருக்கைமேல் ஏறி நின்று கத்தத் தொடங்கிவிட்டன. இளவரசனோ மன்னிப்புக் கேட்காமல் வாத்தோடு ஆடிப் பாடினான். கடைசியில் அந்தக் கேள்வி வந்ததே, யாரு கைங்க என்று? "அவன் கைதான்! அவன் கைதான்!" என்று பிள்ளைகள் போட்ட கூச்சலில் மந்திரி விழுந்ததை யாரும் பார்க்கவேயில்லை. விருந்துக் காட்சியில் ஒரு பிள்ளை, "யாரு சமைச்சாங்க? அவருதான் செத்துட்டாரே" என்று கேட்க, பாதித் தியேட்டர் அழுதது. விளக்குப் போட்டதும் தேன்பாகுவின் தாயார் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னிலையில், "ஏன்டா, அந்த மனுஷன் சமையல்காரன்னு வாய்விட்டுச் சொல்றான், உனக்குக் காது கேக்கலையா? இப்படியா உன்னை வளர்த்தேன்?" என்று கையிலிருந்த பையால் மகனின் தோளில் ஒன்று வைத்தார். "அம்மா, நான் குரல் மட்டுந்தாம்மா குடுத்தேன்" என்று அவர் கெஞ்சியது அந்தக் குரலின் முழு இனிமையோடும் இருந்தது.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? பறந்தேன். தங்கள் மருமகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு யாருமே சிரிக்கலப்பா" என்றாள். இத்தனை வருடம் விழுந்ததற்கு அன்றுதான் பலன் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

ஆனால் மறுநாளே கம்பெனிக்குப் புகார்மேல் புகார். ஒரு வீட்டில் பூ ஜாடியை உடைத்த பிள்ளை, திட்ட வந்த அம்மாவிடம் பாட்டுப் பாடிவிட்டு, "இளவரசன் பாடினா விட்டீங்க, நான் பாடினா விடமாட்டீங்களா?" என்றதாம். இன்னொரு பெண் வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் புருவத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே உள்ளே விடுகிறாளாம். மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வேர்க்க விறுவிறுக்கப் போய் நின்றேன்.

"இந்த வசனமெல்லாம் யாரு எழுதினது?"

"பேப்பர்ல இருந்ததைத்தான் சார் பேசினேன்."

"பேப்பர்ல 'தேவையான அளவு ஐயோ'ன்னுதானே இருக்கு?"

"அது... அத்தான் வாய்மொழியா சொன்னாரு சார்."

"அவருக்குத்தான் பேச்சே இல்லையே?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி சொன்னாரு சார். அவரு கடைசியாப் பேசினதே அதுதான்."

மேலாளர் சற்று நேரம் தலைகுனிந்து இருந்தார். பிறகு, யார் பொறுப்போ அவருக்கு இனிமேல் இந்தக் கம்பெனியில் எழுதவோ பேசவோ வேலை கிடையாது என்றும், தங்களிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்வதாகவும் சொல்லி அனுப்பிவிட்டார். தாங்கள் வசனகர்த்தா, வேறு நாலு கம்பெனி கூப்பிடும். ஐயோவை யார் கூப்பிடுவார்கள்? அந்த ஒரு எண்ணத்தில்தான் சொன்னேன். ஆகவே அந்த ஒரு சொல் "ஆமாம்" என்று...

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தங்கள் மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை மறைப்பானேன், அப்படியே எழுதுகிறேன்.

"யாரு எழுதினதுன்னு கேட்டாங்களாப்பா? நீதான்னு சொன்னியா?"

"மாமான்னு சொன்னேன்டா."

"மாமா அங்க வரவேயில்லையே."

"வரலதான்."

"இப்ப அவரால பேசவும் முடியாதே."

"முடியாதுதான். அப்பாவுக்கு வேற வழியில்ல கண்ணு. அப்பா நல்லவன்தானே?"

"இளவரசனும் அப்படித்தான் சொன்னான்" என்றாள். பிறகு கடிதத்தைப் பார்த்துக்கொண்டே, "மாமாவையும் பாலத்துல நிக்கவெச்சிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அத்தான், பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் நான் வேலை இல்லாமல் திரிந்தபோது, "நல்லா கத்துறான், இவனுக்கு ஒரு மைக் குடுங்க" என்று கூடத்துக்குள் அழைத்துப்போனவர் தாங்கள். அந்தத் தொண்டை தையல் போட்டுக் கிடக்கும் நேரத்தில் நான் கயிற்றை வெட்டியிருக்கிறேன். வேண்டாம். தாங்கள் "ஆமாம்" எழுதவேண்டாம். மேலாளருக்கு எதுவுமே எழுதவேண்டாம். நாளைக் காலை நானே நேரில் போய், பேசியது நான், யோசித்தது நான், அத்தான் ஒன்றும் அறியார் என்று சொல்லிவிட்டு, வேலை போனால் போகட்டும் என்று வந்துவிடுகிறேன். என் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்கு அது போதும்.

அக்காவுக்கு என் அன்பு. என் மீதுள்ள கோபத்தைத் தங்கள் கஞ்சியில் காட்டவேண்டாம் என்று சொல்லவும். தங்கள் குரல் பழையபடி கணீரென்று திரும்பி வந்து, அந்தக் குரலில் நானே முதல் திட்டு வாங்கும் பாக்கியம் கிடைக்கவேண்டும் என்று நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மறவாத மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் மேலாளரைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர், தேன்பாகுவை இனிமேல் இளவரசன் வேஷத்துக்கு அனுப்பமாட்டேன் என்று அவருடைய தாயார் சொல்லிவிட்டதாகவும், என் குரலைக் கேட்டால் பிள்ளைகள் உருகுவதால் மூன்றாம் பாகத்தில் நானே இளவரசன் என்றும் சொல்லிவிட்டார். இரண்டு பாட்டும் உண்டு. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு நன்றி சொல்வதற்காக மட்டும் மூடித் திறந்தேன். ஆகவே முந்தைய பத்திகளைப் பொருட்படுத்தாமல், முதலில் கேட்டபடி அந்த "ஆமாம்" என்பதை உடனே அனுப்பிவைக்கவும். தங்களை நான் கைவிட்டுவிடவில்லை. "எழுதவோ பேசவோதானே சார் வேலை கிடையாது, கத்தலாம் இல்லையா?" என்று தங்களுக்காக மேலாளரிடம் வாதாடி ஜெயித்தேன். புதிய படத்தில் இளவரசன் ஒரு கப்பலைக் கொளுத்துகிறான். அதில் இருப்பவர்கள் யார் என்று நானும் விசாரிக்காமல் இல்லை. கெட்டவர்கள்தானாம். தையல் பிரித்ததும் வந்து அலறிவிட்டுப் போங்கள், தேவையான அளவு. தங்கள் மருமகள் கேட்டால், கப்பலில் யாருமே இல்லை என்று நாம் இருவரும் ஒரே மாதிரி சொல்லிவிடவேண்டும்.